நீள வீட்டுக்கு இரண்டாவது வைஃபை பெட்டி: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

கும்பகோணத்தில் அக்கா குடியிருப்பது பழைய காலத்து நீள வீடு. தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, சமையலறை, கடைசியில் கொல்லையைப் பார்த்தபடி ஓர் அறை. அகலம் 20 அடிதான். நீளம் 110 அடிக்குக் குறையாது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் தெருக் கம்பத்திலிருந்து வயரை இழுத்து ரேழிச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா மகள் படிப்பதும் ஆன்லைன் வகுப்பு கேட்பதும் கொல்லை அறையில். அங்கே வைஃபை எட்டுவதே இல்லை. வகுப்பு நேரத்தில் அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவாள். அங்கே டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

"தம்பி, இன்னொரு டப்பா வாங்கி மாட்டிட்டா சரியாப் போயிடும்ல?" என்று அக்கா போனில் கேட்டாள்.

இந்தக் கேள்வியை நிறைய வீடுகளில் கேட்டிருக்கிறேன். இரண்டாவது பெட்டியை எங்கே வைப்பது, எந்த கம்பெனி வாங்குவது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். அந்தப் பெட்டிக்கு இணையம் எந்த வழியாக வந்து சேரப்போகிறது என்று யோசிப்பதில்லை. கடையில் ரிப்பீட்டர், எக்ஸ்டென்டர், மெஷ், பவர்லைன், ஆக்சஸ் பாயிண்ட் என்று ஐந்தாறு பெயர்கள் சொல்வார்கள். அவற்றுக்குள் இருக்கும் பெரிய வித்தியாசம் இது ஒன்றுதான்: முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்குப் போவது காற்று வழியா, கரன்ட் வயர் வழியா, தனிக் கேபிள் வழியா? விலை, வேகம், தொல்லை எல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன. அக்கா வீட்டுக்காக எல்லாவற்றையும் அலசினேன், சிலவற்றை மாட்டியும் பார்த்தேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அளக்க வேண்டும்

எதையும் வாங்கும் முன் ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டி செயலியைப் போட்டு, செட்டிங்ஸுக்குள் போய் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கிக்கொள்ளலாம். அது காட்டும் எண் டிபிஎம் கணக்கில், மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 3 குறைந்தால் சிக்னலின் சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் போக −67 அல்லது அதைவிட மேலாக இருப்பது நல்லது. −80க்குக் கீழே போய்விட்டால் போனில் ஒரு கோடு தெரியும், வேலை நடக்காது.

வீட்டு வைஃபை பெட்டி பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசும். அக்கா வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேழியில் −38, கூடத்தில் −57, முற்றம் தாண்டி இரண்டாம் கட்டில் −73, கொல்லை அறையில் −87. 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாம் கட்டிலேயே காணாமல் போனது.

தூரம் மட்டும் இதற்குக் காரணமில்லை. முற்றம் திறந்த வெளி. அலைக்கு அங்கே தடை கிடையாது. தடுத்தது முற்றத்துக்கு அப்பால் நிற்கும் ஒன்றரை அடி கனமுள்ள செங்கல், சுண்ணாம்புச் சுவரும், அதில் சாய்த்து வைத்திருந்த இரண்டு இரும்பு பீரோக்களும். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், ஆகையால் நிரம்பிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அறைக்குச் சிக்னல் குறையும். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் செங்கல் சுவரைவிடக் கெடுதல். ஆளுயரக் கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். பீரோக்களைப் பக்கத்துச் சுவருக்கு நகர்த்தியதிலேயே இரண்டாம் கட்டில் −73 என்பது −69 ஆனது. ஒரு பைசா செலவில்லை.

நகர்த்தும் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பெட்டியையே வீட்டின் நடுவுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். ஃபைபர் வயர் மெல்லியது, கதவு இடுக்கிலும் போகும். கூர்மையாக மடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டால் வயரை நீட்டி, பெட்டியை வேறு அறையில் மாட்டித் தருவார். கொஞ்சம் கூலி கேட்கலாம். அபார்ட்மென்ட்டில் பல வீடுகளில் பெட்டி வாசற்கதவுக்கு மேலே பரணிலோ, டிவி அலமாரிக்குள்ளோ அடைந்து கிடக்கும். அதை எடுத்து நடு ஹாலில் ஆள் உயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் மாட்டினாலே 2 படுக்கையறை வீட்டில் பிரச்சினை தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலருக்கு இரண்டாவது பெட்டியே தேவைப்படாமல் போகலாம். அப்படி முடிந்தால் எனக்கு மகிழ்ச்சி.

அக்கா வீட்டில் கூடத்துக்கு நகர்த்தினால் இரண்டாம் கட்டு நன்றாகிவிடும். கொல்லை அறைக்கு இன்னும் இரண்டு கனத்த சுவர்கள் மிச்சம். ஆகவே இரண்டாவது பெட்டி வேண்டும் என்பது உறுதியானது.

ரிப்பீட்டர்

எக்ஸ்டென்டர் என்று விற்பதும் இதைத்தான். விலை குறைவு; ஏறக்குறைய 2,000 ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கும். பிளக்கில் சொருகி ஒரு பட்டனை அழுத்தினால் ஓடும். எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். அக்கா வீட்டிலும் அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கி ஒன்றை மாட்டிப் பார்த்தோம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்த வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. வாசலில் காய்காரர் வந்து விலை சொல்கிறார். கொல்லையில் இருக்கும் அம்மாவுக்குக் காது கேட்காது. கூடத்தில் நிற்கும் பையன் வாசலில் கேட்டதைக் கொல்லைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்கிறான். அவன் சொல்லும்போது கேட்க முடியாது, கேட்கும்போது சொல்ல முடியாது. நேரில் பேசினால் ஒரு நிமிடத்தில் முடியும் பேச்சுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ரிப்பீட்டரும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பினால், வேகம் பாதியாகும். சுற்றியிருக்கும் இரைச்சலைச் சேர்த்தால் பாதிக்கும் கீழே போகும். இரண்டு அலைவரிசை உள்ள ரிப்பீட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4இல் விநியோகிக்கச் செய்யலாம். அப்போது இந்தக் குறை கொஞ்சம் தணியும்.

பெரும்பாலோர் செய்யும் தவறும் இந்த உதாரணத்திலேயே விளங்கும். சிக்னல் கிடைக்காத அறைக்குள்ளேயே ரிப்பீட்டரைச் சொருகுகிறார்கள். வாசல் பேச்சே கேட்காத கொல்லையில் பையனை நிறுத்தினால் அவன் எதைத் திருப்பிச் சொல்வான்? போனில் கோடுகள் நிறையத் தெரியும், ஏனென்றால் ரிப்பீட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. இணையம் மட்டும் வராது. நல்ல சிக்னல் இன்னும் மிச்சமிருக்கும் பாதி வழியில், −60 முதல் −65 வரை காட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

அப்படி இரண்டாம் கட்டு வாசற்படிக்கு அருகே வைத்துப் பார்த்தபோது, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கொல்லை அறைக்கு 12 வந்தது. எண்ணாகப் பார்த்தால் போதுமானதுதான். ஹெச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் ஓடும். ஆனால் 12 என்பது நிலையாக நிற்கவில்லை. மாலையில் கூடத்து டிவியில் படம் ஓடத் தொடங்கியதும் 3க்கு இறங்கியது, வகுப்பில் ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டி வந்தது. தினமும் 2 மணி நேரம் நேரடி வகுப்பு கேட்கிற பெண்ணுக்கு இதை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொல்லையில் ஒரு கேமரா, ஸ்மார்ட் பல்பு, எப்போதாவது வாட்ஸ்அப் பார்க்கும் தாத்தா என்றால் ரிப்பீட்டர் தாராளமாகப் போதும்.

பவர்லைன் பற்றிச் சுருக்கமாக

கரன்ட் வயரையே இணையக் கேபிளாகப் பயன்படுத்தும் ஜோடிப் பெட்டிகள் இவை. ஒன்றை ரவுட்டர் அருகே, மற்றதைத் தூரத்து அறையில் சொருக வேண்டும். யோசனையாக அழகானது. நம் வீடுகளின் வயரிங்கில் அது தடுமாறுகிறது. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் முன்கட்டு ஒரு ஃபேஸிலும் பின்கட்டு வேறொன்றிலும் இருந்தால் தொடர்பு மோசமாகும், கிடைக்காமலும் போகும். இன்வெர்ட்டர் லைனில் ஒன்றும் நேர் லைனில் ஒன்றும் இருந்தால் அதே கதை. மிக்ஸி, மோட்டார் ஓடும்போது வேகம் விழும். ஸ்பைக் பஸ்டர் பலகையில் சொருகினால் அது இந்தச் சிக்னலையும் வடிகட்டிவிடும். அக்கா வீட்டில் மூன்று ஃபேஸும் உண்டு, இன்வெர்ட்டரும் உண்டு. அதோடு இந்த யோசனையைக் கைவிட்டேன்.

மெஷ்

இப்போது கடைகளில் அதிகம் பேசப்படுவது இதுதான். இரண்டோ மூன்றோ ஒரே மாதிரிப் பெட்டிகள். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஒரு செயலியில் எல்லாவற்றையும் பார்க்கலாம். இரண்டு பெட்டித் தொகுப்பு ஏறக்குறைய 6,000 முதல் 10,000 ரூபாய் வரை. வைஃபை 6 தலைமுறைப் பெட்டி என்றால் விலை கூடும்.

மெஷ் என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ புது வித்தை என்று தோன்றும். அடிப்படை பழையதுதான். 1999 ஜூலையில் ஆப்பிள் ஐபுக் மடிக்கணினியோடு ஏர்போர்ட் பேஸ் ஸ்டேஷன் என்ற பெட்டியை வெளியிட்டபோது வீட்டு வைஃபை பரவலாகத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பெட்டிகளை ஒன்றுக்கு மேல் வைத்து வீட்டை நிரப்பும் இரண்டு முறைகளையும் அவர்கள் கொடுத்தார்கள்: கேபிளால் இணைத்து ஒரே பெயரில் ஓடவிடுவது ஒன்று, காற்றிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவது இன்னொன்று. 2018இல் ஆப்பிள் அந்தப் பெட்டிகளையே நிறுத்திவிட்டது. இந்த இரண்டு முறைகள் மட்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. கேபிள் இல்லாத மெஷ் என்பது நன்றாக ஒருங்கிணைக்கப்பட்ட ரிப்பீட்டர் கூட்டம். கூடத்துப் பையனின் சிக்கல் அதற்கும் உண்டு.

அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் விலை வித்தியாசம் வருகிறது. மூன்று ரேடியோ (அலையை அனுப்பி வாங்கும் பகுதி) உள்ள விலை உயர்ந்த மெஷ் பெட்டிகளில் ஒரு ரேடியோ பெட்டிகளுக்கிடையே பேசுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். பையனுக்கு வாசல் பக்கம் ஒரு காது, கொல்லைப் பக்கம் தனி வாய் கிடைத்தது போல. இரண்டு ரேடியோ உள்ளவற்றில் பெட்டிகளின் பேச்சும் நம் போன்களின் பேச்சும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸைப் பங்கு போட்டுக்கொள்ளும். அட்டையில் ஏசி1200, ஏஎக்ஸ்3000 என்று போட்டிருக்கும் எண்களை இணைய வேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எல்லா ரேடியோக்களின் உச்ச வேகத்தையும் கூட்டிய தொகை. வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: பெட்டிகளுக்கிடையே பேசத் தனி ரேடியோ உண்டா? பின்னால் கேபிளாலும் இணைக்க முடியுமா?

இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதனால் இரைச்சலில்லாத சேனல் கிடைப்பது முன்பைவிட எளிது, மெஷ்ஷுக்கு இது நல்ல செய்தி. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் 2.4ஐவிட வலுக்குறைந்தது. நீள வீட்டில் பெட்டிகளுக்கிடையே ஒன்றரை அடிச் சுவர் இருந்தால், எந்த மெஷ்ஷும் சுவருக்குக் கட்டுப்பட்டதே. வைஃபை 6, வைஃபை 7 என்று தலைமுறை மாறினாலும் பெட்டி அனுப்பும் சக்திக்கு அரசு வரம்பு இருப்பதால் எட்டும் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை.

நண்பர் ஒருவரிடமிருந்து இரண்டு பெட்டி மெஷ் ஒன்றை வார இறுதிக்கு இரவல் வாங்கி வந்தேன். ஒன்று ரேழியில், இன்னொன்று இரண்டாம் கட்டில். கொல்லை அறையில் 35 எம்பிபிஎஸ் வந்தது. டிவி ஓடினாலும் 20க்குக் கீழே போகவில்லை. வகுப்பு தடையில்லாமல் நடந்தது. ரிப்பீட்டரோடு ஒப்பிட்டால் நிச்சயமாக ஒரு படி மேல். அக்காவுக்குப் பிடித்தது வேறொன்று: ரேழியிலிருந்து கொல்லை வரை பேசிக்கொண்டே நடந்தாலும் வாட்ஸ்அப் அழைப்பு அறுந்து போகவில்லை.

அந்தக் கைமாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மெஷ்ஷுக்கு அதிகம் பணம் கொடுப்பதே இதற்காகத்தான். எந்தப் பெட்டியோடு பேசுவது என்று தீர்மானிப்பது போன், பெட்டி அல்ல. ஐபோன் −70 டிபிஎம் வரை பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே போன பிறகுதான் வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும். மெஷ் பெட்டிகள் '802.11கே', '802.11வி' என்ற முறைகளில் "அந்தப் பக்கம் நல்ல பெட்டி இருக்கிறது, போ" என்று போனுக்கு ஆலோசனை சொல்லும். '802.11ஆர்' மாறும் நேரத்தைக் குறைக்கும். பழைய போன்கள் இவற்றைக் கண்டுகொள்ளாது. இந்த மூன்றும் மெஷ்ஷுக்கு மட்டும் சொந்தமானவை இல்லை. கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயிண்ட் பெட்டிகளில் நல்லவற்றிலும் இருக்கின்றன.

மெஷ்ஷின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. நான் சென்னையில் இருக்கிறேன். ஏதாவது கோளாறு என்றால் அக்கா செயலியைத் திறந்து எந்தப் பெட்டி சிவப்பு காட்டுகிறது என்று சொன்னால் போதும், நானும் இங்கிருந்தே பார்க்கலாம். பெற்றோர் ஊரில் தனியாக இருக்க, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளுக்கு இது சின்ன வசதி இல்லை. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடாத வாடகை வீட்டுக்கும் மெஷ்தான் சரி. காலி செய்யும்போது பையில் போட்டு எடுத்துப் போய்விடலாம்.

தனிக் கேபிள்

இவ்வளவு சொன்ன பிறகும் சொந்த வீடு என்றால் நான் கேபிளுக்கே ஓட்டுப் போடுவேன். காரணம் எளியது. கேபிள் வழியாக வரும் இணையம் சுவரைப் பற்றிக் கவலைப்படாது. கொல்லையில் வைக்கும் பெட்டிக்கு ரேழியில் இருக்கும் அதே முழு வேகம் போய்ச் சேரும். அங்கிருந்து காற்றில் பயணம் செய்வது ஓர் அறையின் தூரம் மட்டும். காற்றைப் பெட்டிகள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தாததால் அது முழுக்க போன்களுக்கும் லேப்டாப்புக்கும் மிஞ்சும். பத்து வருடம் கழித்துப் பெட்டியை மாற்றினாலும் கேபிள் அப்படியே இருக்கும்.

லேன் கேபிளின் வரம்பு 100 மீட்டர். அக்கா வீட்டுக்கு வளைவு, ஏற்றம் இறக்கம் எல்லாம் சேர்த்து 45 மீட்டர் வந்தது. கேட் 6 என்ற வகையை வாங்குங்கள். கேட் 5இ இருந்தாலும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓடும். வகையைவிட முக்கியம், உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பது. மலிவான கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது முனையில் எளிதில் முறியும், நீளம் கூடினால் சிக்னல் இழக்கும், கேபிள் வழியே கரன்ட் அனுப்பினால் சூடாகும். மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் சுவருக்குள் புதைத்த கேபிளை மாற்றும் நிலை வரக் கூடாது.

மாமாவுக்குச் சுவரைத் துளைப்பதில் சம்மதமில்லை. "பழைய சுண்ணாம்புக் காரை மாப்ளே, ட்ரில் வெச்சா பாளம் பாளமாப் பேந்து வரும்" என்றார். அவர் சொன்னது சரிதான். வீட்டைச் சுற்றிப் பார்த்ததில் துளையே தேவைப்படவில்லை. ரேழியிலிருந்து கூடத்துக்குக் கதவு நிலைக்கு மேலே இருந்த காற்றுப் போக்கி வழியாக, முற்றத்தில் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில் உத்தரத்தை ஒட்டி, இரண்டாம் கட்டில் மறுபடி காற்றுப் போக்கி, சமையலறையில் புகை போகும் சாளரம், அதன் பின் கொல்லை அறை. பிவிசி பைப்பை கிளாம்ப் போட்டு மாட்டி அதற்குள் கேபிளை இழுத்தோம். முற்றத்துப் பகுதியில் வெயில் படும் என்பதால் பைப் அவசியம். வெறும் கேபிளின் உறை சில ஆண்டு வெயிலில் வெடித்துவிடும். கரன்ட் வயர் போகும் பைப்புக்குள் லேன் கேபிளைச் சேர்த்து இழுக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், வேலை சுலபம் என்று. விடாதீர்கள். பாதுகாப்புக்கும் கெடுதல், சிக்னலுக்கும் கெடுதல்.

கேபிள் முனையில் ஆர்ஜே-45 என்ற பிளக்கை மாட்ட சிசிடிவி வேலை செய்பவரை அழைத்தோம். எட்டுக் கம்பிகளும் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று டெஸ்டரில் பார்த்த பிறகே அனுப்புங்கள். நான்கு கம்பி சேர்ந்திருந்தாலே 100 எம்பிபிஎஸ் ஓடிவிடும். அதனால் பிழை உடனே தெரியாது. பிறகு 300 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாறும்போது வேகம் ஏறாமல் நிற்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது. இதேபோல் சில பழைய ரவுட்டர்களிலும் மலிவான ரிப்பீட்டர்களிலும் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். கிகாபிட் போர்ட் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேபிளின் மறுமுனையில் எதை மாட்டுவது? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை முதல் பெட்டியோடு மோதாதபடி மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தி, கேபிளை இணையம் உள்ளே வருவதற்கான வான் (WAN) போர்ட்டில் சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வான் போர்ட்டில் சொருகினாலும் இணையம் வரும். ஆனால் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும்: கொல்லை அறை லேப்டாப்புக்குக் கூடத்துப் பிரின்டர் தெரியாது, போனிலிருந்து டிவிக்குப் படத்தை அனுப்ப முடியாது. பிறகு எங்கே தவறு என்று தேடி அலைய வேண்டும்.

பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் இரண்டு பெட்டியிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. முன்னால் 1, பின்னால் 11 என்று வைத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149. போன் பழைய பெட்டியையே பிடித்துத் தொங்கினால், பெட்டிகளின் அனுப்பும் சக்தியை 'மீடியம்' ஆகக் குறைத்துப் பாருங்கள். கனத்த சுவர் உள்ள நீள வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. முன்பெட்டி இரண்டாம் கட்டுக்குப் பின் தானாகவே மங்கிவிடுவதால், போன் வேறு பெட்டியைத் தேடியே ஆக வேண்டும்.

மின்வெட்டும் இடியும்

அக்கா வீட்டில் முடிவைத் தீர்மானித்தது உண்மையில் மின்வெட்டுதான். ரேழியில் பெட்டி இருக்கும் பிளக் இன்வெர்ட்டரில் இருக்கிறது. கொல்லை அறையில் ஃபேனும் லைட்டும் மட்டும் இன்வெர்ட்டரில். பிளக் நேர் லைனில். அங்கே ரிப்பீட்டரோ மெஷ்ஷோ பழைய ரவுட்டரோ எதை மாட்டினாலும் கரன்ட் போனால் அணைந்துவிடும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி இதைச் சரிக்கட்டலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கேபிள் இருந்தால் இன்னொரு வழி திறக்கிறது. கரன்ட்டையும் அதே லேன் கேபிளில் அனுப்பும் முறைக்குப் பிஓஇ என்று பெயர். 2003இலேயே தரப்படுத்தப்பட்டு, 15.4 வாட் வரை அனுப்பும் வசதியாக வந்தது. ஒரு சின்ன ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு அது தாராளம். ரேழியில் இன்வெர்ட்டர் பிளக்கில், லேன் கேபிளுக்குள் கரன்ட்டைச் சேர்த்து அனுப்பும் ஒரு பிஓஇ இன்ஜெக்டரைச் சொருகினோம். கொல்லை அறையில் ஆக்சஸ் பாயிண்ட்டுக்குப் பிளக்கே தேவைப்படவில்லை. கரன்ட் போனாலும் முன்பெட்டியும் பின்பெட்டியும் சேர்ந்தே ஓடுகின்றன. பிஓஇ ஏற்கும் ஆக்சஸ் பாயிண்ட், இன்ஜெக்டர், கேபிள், பைப், கூலி எல்லாம் சேர்த்து நடுத்தர மெஷ் தொகுப்பின் விலைக்கு வந்தது. ஆகவே கேபிள் மலிவு என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் வேலையும் உண்டு. ஆனால் கொல்லை அறையில் இப்போது 94 எம்பிபிஎஸ் வருகிறது, மாலையிலும் அதே 94.

இடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரே கூரைக்குள் ஓடும் கேபிளுக்கு இது பெரிய கவலையில்லை. தனியாக நிற்கும் மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், தோட்டத்து வீடு என்று ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கேபிளை இழுத்தால், ஐப்பசி மழையில் அருகே விழும் ஒரு மின்னல் இரண்டு பக்கத்துப் பெட்டிகளின் போர்ட்டையும் எரித்துவிடும். அங்கே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர் வைப்பதே சரி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. தூரமும் 100 மீட்டரோடு நிற்காது. வயலுக்கு நடுவே பார்வைக்குத் தடையில்லாத தூரம் என்றால், எதிரெதிரே பார்க்கும் ஒரு ஜோடி வெளிப்புற வயர்லெஸ் பெட்டிகள் போதும்.

மாடி வீட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கான்கிரீட் தளம்தான் அங்கே எதிரி. மாடிப்படி வழி திறந்த இடம் என்பதால், முதல் பெட்டியைப் படிக்குக் கீழேயும் இரண்டாவதைப் படி ஏறி முடியும் இடத்திலும் வைத்தால் கேபிளில்லாத மெஷ்கூட நன்றாக ஓடும். புது வீடு கட்டுபவர்கள் தயவுசெய்து எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு காலிப் பைப் புதைக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன் இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

மெஷ்ஷும் கேபிளும் ஒன்றுக்கொன்று எதிரி என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான மெஷ் பெட்டிகளை லேன் கேபிளால் இணைத்தால், பேச்சைக் காற்றிலிருந்து கேபிளுக்குத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். அக்கா வீட்டில் பிஓஇ தேவை இல்லாமல் இருந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். செயலியில் பார்க்கும் வசதியும் கிடைத்திருக்கும்.

பைப்புக்குள் ஒன்றுக்கு இரண்டு கேபிள் இழுத்துவிட்டோம். இரண்டாவது இப்போதைக்கு எதிலும் சொருகப்படவில்லை. சமையலறைச் சாளரத்துக்குப் பக்கத்தில் ஐந்து மீட்டர் சுருட்டி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, 'மாடி அறை' என்று எழுதி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறது. கொல்லைக்கு மேலே ஓர் அறை போட வேண்டும் என்று மாமா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.